ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டை உடைக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் சீராக்கியிருக்கிறோம்.)

நேத்து ராத்திரி நல்லா தூங்குனீங்களா? சும்மா கேக்கல. இன்னைக்கு எபிசோடே தூக்கத்தைப் பத்தினதுதான். உங்க தூக்கத்தைக் கலைக்கிற உரிமை யாருக்கு இருக்கு, எப்போ இருக்கு, எவ்வளவு நேரத்துக்கு இருக்கு? இதைத்தான் பேசப்போறோம்.

ரெண்டு தெருவைக் கற்பனை பண்ணிக்கோங்க. முதல் தெருவுல ஒரு அபார்ட்மென்ட் எழும்பிட்டிருக்கு. ராத்திரி ஒன்றரை மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வருது, கான்கிரீட் கொட்டுறாங்க, வைப்ரேட்டர் அலறுது. பில்டருக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கிருச்சு, அவ்வளவுதான் காரணம். ரெண்டாவது தெருவுல, ரோட்டுக்கு அடியில போற பழைய கழிவுநீர்க் குழாய் உடைஞ்சு மண் உள்வாங்கிருச்சு. பக்கத்துலயே குடிநீர்க் குழாய் போகுது, கரன்ட் கேபிள் போகுது. அங்கேயும் ஒன்றரை மணி. அங்கேயும் பிரேக்கர், ஜேசிபி, ஜெனரேட்டர்.

நாலாவது மாடியில படுத்திருக்கிற உங்களுக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான். கீழே இறங்கிப் போய்க் கேட்டா ரெண்டு இடத்துலயும் ஒரே பதில்தான் வரும்: "அர்ஜென்ட் வேலை சார்."

இன்னைக்கு நம்ம கேள்வி இந்த "அர்ஜென்ட்"ங்கிற ஒரு வார்த்தைதான். அதை யார் சொன்னாலும் நம்பணுமா? நம்பாம இருந்தா, நிஜமாவே ரோடு இடியப்போற அன்னைக்கு என்ன ஆகும்?

சட்டத்துல என்ன இருக்கு?

இந்தியாவுல சத்தத்துக்குன்னு தனியா விதிகள் இருக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986ங்கிற பெரிய சட்டத்துக்குக் கீழ மத்திய அரசு கொண்டு வந்தது. இதுல ராத்திரின்னா இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும்.

குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்சாலைப் பகுதிக்கு 75, 70. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் மாதிரி இடங்களைச் சுத்தி அமைதி மண்டலம்னு அறிவிச்ச பகுதிக்கு 50, 40. இந்த எண்களை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க.

அதிகம் கேள்விப்படாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2010ல இந்த விதிகளைத் திருத்தி 5ஏ-ன்னு ஒரு விதியைச் சேர்த்தாங்க. அதுல மூணு தடை இருக்கு. முதல்ல ஹார்ன். அமைதி மண்டலத்துலயும், ராத்திரி நேரத்துல குடியிருப்புப் பகுதியிலயும் ஹார்ன் அடிக்கக் கூடாது, பொது அவசரநிலையைத் தவிர. ரெண்டாவது பட்டாசு. மூணாவது, சத்தம் போடுற கட்டுமான இயந்திரங்கள். குடியிருப்புப் பகுதியிலயும் அமைதி மண்டலத்துலயும் ராத்திரி நேரத்துல அதையெல்லாம் இயக்கக் கூடாது. முற்றுப்புள்ளி.

கவனிச்சீங்களா? ஹார்னுக்கு "பொது அவசரநிலையைத் தவிர"ன்னு ஒரு விலக்கு எழுதியிருக்கு. ஒலிபெருக்கிக்கும் அதே மாதிரி பொது அவசரநிலை விலக்கு இருக்கு. அது போக, திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம, ராத்திரி 12 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு மாநில அரசு அனுமதி கொடுக்கலாம்னும் இருக்கு. கட்டுமான இயந்திரத்தைப் பத்தின வரியில எந்த விலக்கும் இல்லை. திருவிழா மைக்குக்கு எழுத்துல ஒரு வழி இருக்கு, உடைஞ்ச குழாயை மூட வர்ற பிரேக்கருக்கு அந்த வரியில வழி இல்லை!

அப்போ ராத்திரியில யாரும் குழாய் சரி பண்றதே இல்லையா? பண்றாங்க. பெரிய வெள்ளம், புயல்னா பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இருக்கு. மாவட்ட நிர்வாகத்துக்கு அதுல பெரிய அதிகாரங்கள் உண்டு, மத்த சட்டங்களை மீறி நிக்கிற பலமும் உண்டு. ஆனா ஒரு தெருவுல ஒரு குழாய் உடையறது அந்த அளவுக்குப் பேரிடர் இல்லையே? அங்கே நடக்கிறது, ஆபத்துக்குப் பாவமில்லைன்னு எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரு எழுதப்படாத விலக்கு.

எழுதப்படாத விலக்குல என்ன பிரச்சினைன்னா, அதுக்கு எல்லை இல்லை. குழாய் உடைஞ்சவரும் அதுக்குள்ள நுழையலாம், ஸ்லாப் போடுற பில்டரும் நுழையலாம்.

45 டெசிபலுக்குள்ள பிரேக்கர் ஓட்ட முடியுமா?

"அனுமதி கொடுங்க, ஆனா 45 டெசிபலைத் தாண்டாம வேலை பாக்கச் சொல்லுங்க"ன்னு நீங்க சொல்லலாம். நியாயமாத்தான் தெரியுது. கணக்குப் போட்டுப் பாப்போம்.

ரோடு உடைக்கிற பிரேக்கர் 15 மீட்டர் தூரத்துல ஏறக்குறைய 85 டெசிபல் வரும். மெஷினைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். அப்போ 30 மீட்டர்ல 79, 60 மீட்டர்ல 73. இப்படியே போனா 45ஐத் தொட எவ்வளவு தூரம் போகணும் தெரியுமா? சுமார் ஒன்றரை கிலோமீட்டர். நடுவுல கட்டடங்கள் இருந்தா இதைவிடச் சீக்கிரம் குறையும், சரி. ஆனா நம்ம தெருவோட அகலமே 30 அடி, 40 அடிதான்.

டெசிபல் ஏறுற விதமும் நேர்க்கோடு இல்லை. 10 டெசிபல் கூடுனா ஒலியோட ஆற்றல் 10 மடங்கு ஆகுது. நம்ம காதுக்கு அது சுமாரா ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும். 45க்கும் 85க்கும் நடுவுல 40 டெசிபல் இருக்கு. ஆற்றல் கணக்குல 10,000 மடங்கு. மறைப்பு கட்டலாம், மெஷினை மாத்தலாம், 10 டெசிபல், 15 டெசிபல் குறைக்கலாம். 40ஐக் குறைக்கிறது தெருவுல நடக்கிற காரியம் இல்லை.

இதனாலதான், ராத்திரி ரிப்பேர் விஷயத்துல "எவ்வளவு சத்தம்?"ங்கிற கேள்வி நம்மளை ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போகாது. வேலை நடந்தா வரம்பு உடையத்தான் போகுது. அதனால கேக்க வேண்டிய கேள்வி வேற: இந்த வேலை இந்த ராத்திரி நடந்தே ஆகணுமா? நடந்தே ஆகணும்னா, இதுல எந்தப் பகுதி, எத்தனை மணி வரைக்கும்?

"ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கோங்க"

இது நம்ம ஊர்ல அடிக்கடி கேக்குற வசனம். ஒரு ராத்திரின்னா பொறுத்துக்கலாம், உண்மைதான். ஆனா தூக்கம் வெறும் சொகுசு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1999ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, படுக்கையறைக்குள்ள சராசரி சத்தம் 30 டெசிபலுக்குள்ள இருக்கணும், திடீர்னு எழுற தனிச் சத்தம் 45ஐத் தாண்டக் கூடாதுன்னு இருக்கு. சராசரிக்கு ஒரு எண், திடீர்ச் சத்தத்துக்கு இன்னொரு எண். ஏன்னா ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தத்துக்கு உடம்பு பழகிரும். இரும்புத் தகடு ரோட்டுல "டமார்"னு விழுறதுக்குப் பழகாது. நீங்க முழிக்கலைன்னாலும் இதயத்துடிப்பு ஏறும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமா மாறும். காலையில "தூங்குனேன், ஆனா தூங்குன மாதிரியே இல்லை"ன்னு சொல்றோமே, அதுக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இந்த விலையை எல்லாரும் ஒரே அளவு கொடுக்கிறதும் இல்லை. ஏசி போட்டு ஜன்னலை இறுக்கி மூடுற வீட்டுக்குள்ள சத்தம் பெருமளவு குறைஞ்சுதான் வரும். ஜன்னலைத் திறந்து வச்சாதான் மூச்சே விட முடியும்ங்கிற வீட்டுக்குள்ள அப்படியே வரும். விடிய நாலு மணிக்குப் பால் பாக்கெட் போடப் போறவர், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மா, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கிற தாத்தா, மறுநாள் பஸ் ஓட்டப்போற டிரைவர்... கடைசியாச் சொன்னவரோட தூக்கம் அவர் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த பஸ்ல ஏறுற 60 பேரோட பிரச்சினையும்தான்.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில ஒலி மாசு வழக்குல கொடுத்த தீர்ப்பும் இதை ஒட்டித்தான். தேவையில்லாத சத்தம் இல்லாம நிம்மதியா வாழுறது, அரசமைப்புச் சட்டத்தோட 21ஆவது பிரிவு தர்ற வாழும் உரிமைக்குள்ள வர்ற விஷயம்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. அதனால "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னு கேக்குறவர், உங்களோட ஒரு உரிமையைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் கேக்குறார். கடன் கேக்குறவர்தானே காரணம் சொல்லணும்?

காலை ஆறு மணி வரை ஏன் காத்திருக்க முடியாது?

இப்போ அடுத்த பக்கத்தையும் பாப்போம். சில வேலைகள் நிஜமாவே காத்திருக்காது.

ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் உடைஞ்சா மேலே தெரியுறது ஒரு சின்ன ஈரம் இல்லைன்னா ஒரு சின்னப் பள்ளம்தான். கீழே நடக்கிறது வேற. தண்ணி மண்ணைக் கரைக்குது. கரைஞ்ச மண், உடைஞ்ச கழிவுநீர்க் குழாய் வழியா ஓடிப்போகுது. ரோட்டுக்கு அடியில ஒரு வெற்றிடம் உருவாகுது. மேலே இருக்கிற தாரும் ஜல்லியும் ஒரு பாலம் மாதிரி கொஞ்ச நேரம் தாங்கி நிக்கும். காலையில முதல் தண்ணி லாரி அது மேல ஏறுறப்போ என்ன ஆகும்னு உங்களுக்கே புரியும்.

சென்னைக்காரங்களுக்கு 2017 ஏப்ரல் 9 ஞாபகம் இருக்கும். மெட்ரோ சுரங்க வேலை நடந்துக்கிட்டிருந்த அண்ணா சாலையில திடீர்னு ரோடு உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள்ள இறங்கிருச்சு. நல்லவேளையா யாரும் சாகல. அந்த மாதிரி ஒரு பள்ளத்துக்குப் பக்கத்துல நின்னு "மணி பத்தாயிருச்சு, மெஷினை நிறுத்துங்க"ன்னு யாராவது சொல்வோமா?

ஜப்பான்ல ஃபுகுவோகா நகரத்துல 2016 நவம்பர் 8 விடியக்காலை நடந்தது இன்னும் பெருசு. ஹகாட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல, சுரங்க ரயில் வேலை நடந்த இடத்துக்கு மேல இருந்த ரோடு இடிஞ்சு, ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்துக்கு, 15 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துச்சு. சுரங்கத்துக்குள்ள தண்ணி கசியறதைப் பாத்த தொழிலாளர்கள் முன்னாடியே வெளியேறிட்டாங்க, ரோட்டையும் அடைச்சுட்டாங்க. அதனால பெரிய உயிர்ச்சேதம் தப்பிச்சுது. அப்புறம் ராப்பகலா வேலை பாத்து, ஒரே வாரத்துல, நவம்பர் 15 அன்னைக்கு அந்த ரோட்டைத் திறந்துட்டாங்க. உலகமே வியந்துச்சு. அந்த வேகத்துல அந்தப் பகுதி மக்களோட ராத்திரிகளும் அடக்கம்.

இந்த மாதிரி வேலைகளுக்கு ஒரு பொதுவான குணம் இருக்கு. அபாயம் இப்பவே இருக்கு, இல்லைன்னா விடியறதுக்குள்ள வரப்போகுது. காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதைப் பெருசாக்குது. எரிவாயுக் கசிவு, தரையில தண்ணிக்கு நடுவுல அறுந்து கிடக்கிற மின் கேபிள், சாயப்போற சுவர், ஆஸ்பத்திரிக்குப் போற பிரதான குடிநீர்க் குழாய்... எல்லாமே இந்த வகைதான்.

அவசரத்தை எப்படி அளக்கிறது?

இங்கேதான் மத்த ஊர்கள் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாக்கிறது நமக்கு உதவும்.

பிரிட்டன்ல 1991ல வந்த ஒரு சட்டம், ரோட்டைத் தோண்டுற வேலைகளைப் பத்தினது. அது சத்தத்துக்கான சட்டம் இல்லை. ஆனா "அவசர வேலை"ன்னா என்னன்னு அது எழுதுன விதம் ரொம்பத் தெளிவு. ஆளுக்கோ சொத்துக்கோ ஆபத்து வரக்கூடிய நிலைமை இப்பவே இருக்கணும், இல்லைன்னா நெருங்கி வந்திருக்கணும். அதை நிறுத்தவோ தடுக்கவோ அந்த நேரத்துலயே செய்ய வேண்டிய வேலைதான் அவசர வேலை. தேதி நெருங்குது, ஆள் கிடைச்சாங்க, மெஷின் வாடகை ஓடுது, இதெல்லாம் அந்த வரையறைக்குள்ள வராது.

அதே சட்டத்துல இன்னும் மூணு நுணுக்கம் இருக்கு. ஒண்ணு, அது அவசர வேலைதானான்னு கேள்வி வந்தா, ஆமான்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். கேள்வி கேட்டவர் இல்லை. ரெண்டு, வேலையை உடனே ஆரம்பிக்கலாம், ஆனா ஆரம்பிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள உரிய நிர்வாகத்துக்குத் தகவல் கொடுக்கணும். அனுமதிக்காகக் காத்திருந்து ரோடு இடியவும் வேண்டாம், யாருக்கும் தெரியாம வேலை நடக்கவும் வேண்டாம். மூணு, ஒரு வேலையில அவசரமான பகுதியும் அவசரமில்லாத பகுதியும் கலந்து இருந்தா, அவசரமான பகுதியும், அதுல இருந்து நியாயமாப் பிரிக்க முடியாததும் மட்டும்தான் அவசர வேலைக் கணக்குல சேரும்.

நியூயார்க்ல கட்டுமான வேலைக்கு வார நாள்ல காலை 7 முதல் மாலை 6 வரைதான் நேரம். அதைத் தாண்டணும்னா தனி அனுமதி வேணும். அந்த அனுமதிக்கான காரணங்களை வகை பிரிச்சிருக்காங்க. மக்கள் பாதுகாப்புக்கு மிரட்டலா இருக்கிற அவசர வேலை ஒரு வகை. பகல் போக்குவரத்து நெரிசலாலயோ, தொழிலாளர் பாதுகாப்பாலயோ பகல்ல பண்ண முடியாத வேலை இன்னொரு வகை. முதல் வகைக்கு அனுமதி கொடுத்தே ஆகணும். ரெண்டாவதை ஒவ்வொரு வேலையாப் பாத்து முடிவு பண்ணலாம்.

இந்தப் பிரிவினை நமக்கு ரொம்ப முக்கியம். ரயில் தண்டவாள வேலையை எடுத்துக்கோங்க. ரயில் ஓடாத நேரத்துல, மின்சாரத்தை நிறுத்திட்டுத்தான் சில வேலைகளைப் பாக்க முடியும், அதுக்குக் கிடைக்கிற நேரம் ராத்திரிதான். மேம்பாலத்துல பீம் ஏத்துறதும் அப்படித்தான். இதெல்லாம் நியாயமான ராத்திரி வேலைகள். ஆனா இதுல எதுவும் திடீர்னு வந்தது இல்லை. ஒரு மாசம் முன்னாடியே தெரியும். அப்போ ஒரு வாரம் முன்னாடி தெருவுக்குச் சொல்றதுல என்ன கஷ்டம்? திட்டமிட்ட வேலை "அவசரம்"ங்கிற வாசல் வழியா உள்ளே வரக் கூடாது. அதுக்குத் தனி வாசல், தனி நிபந்தனை.

அபாயத்தை நிறுத்துறது வேற, வேலையை முடிக்கிறது வேற

நம்ம ரெண்டாவது தெருவுக்கே திரும்பி வருவோம். குழாய் உடைஞ்சு ரோடு உள்வாங்கிருச்சு. இந்த ராத்திரி என்னவெல்லாம் செய்யணும்?

பேரிகேட் போட்டு ரோட்டை அடைக்கணும். வால்வை மூடணும். பம்ப் வச்சுக் கழிவுநீரைத் திருப்பி விடணும். சுத்தி இருக்கிற தளர்ந்த தாரை உடைச்சு எடுக்கணும், இதுக்குப் பிரேக்கர் வேணும். பள்ளத்தோட சுவர் சரியாம முட்டுக்கொடுக்கணும். கேபிள் தொங்குனா மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தணும். இத்தனையும் அபாயத்தை நிறுத்துற வேலை. ராத்திரியே நடக்கணும்.

அதுக்கு அப்புறம்? புதுக் குழாய் பதிக்கணும், மண்ணை நிரப்பிக் கெட்டிக்கணும், தார் போடணும், பிளாட்பாரம் கல்லை அறுத்துப் பதிக்கணும். இது வேலையை முடிக்கிற வேலை. பள்ளம் பத்திரமா அடைபட்டிருந்தா, கழிவுநீர் வேற வழியில ஓடுனா, இதுல பெரும்பகுதி காலை 6 மணிக்கு ஆரம்பிக்கலாம்.

நடைமுறையில என்ன நடக்குதுன்னா, "மெஷின் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு, அப்படியே முடிச்சுட்டுப் போயிருவோம்"னு தோணும். கான்ட்ராக்டர் பக்கத்துல இருந்து பாத்தா அது புரியக்கூடிய ஆசைதான். ஆனா மூணு மணி நேர அவசரம் இப்படித்தான் மூணு ராத்திரி ஆகுது. அனுமதிக்கு ஒரு இயல்பான முடிவு இருக்கணும்: அபாயம் நின்ன நிமிஷத்துல விலக்கும் நிக்கணும்.

இன்னொரு வகை அவசரமும் இருக்கு, நாமளே உருவாக்குனது. மூணு வாரமா தண்ணி கசியுது, தெருவே புகார் கொடுத்திருக்கு, யாரும் வரல. நாலாவது வாரம் ரோடு இடிஞ்சதும் "அவசரம்"னு ராத்திரி வர்றாங்க. கோபம் வரும், வரணும். ஆனா அந்த ராத்திரியில வேலையைத் தடுத்தா தண்டனை நிர்வாகத்துக்கு இல்லை, விடியக்காலை அந்த ரோட்டுல போறவருக்குத்தான். அதனால அன்னைக்கு வேலை நடக்கட்டும். மறுநாள், "முதல் புகார் எந்தத் தேதியில வந்துச்சு?"ங்கிற கேள்வி எழுத்துல போகட்டும்.

பள்ளத்துக்குள்ள இருக்கிறவர்

சத்தத்தைப் பத்திப் பேசுறப்போ பெரும்பாலும் விட்டுப்போற ஒருத்தர் இருக்கார். அந்த ராத்திரி கீழே நின்னு வேலை பாக்கிற தொழிலாளி. நமக்கு சத்தம் ஜன்னல் வழியா வருது. அவர் கையிலயே இருக்கு அந்த மெஷின்.

கழிவுநீர்க் குழாய்னு வந்துட்டா விஷயம் இன்னும் தீவிரம். மேன்ஹோலுக்குள்ள பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்கிச் சுத்தம் பண்ண வைக்கிறதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை பண்ணியிருக்கு. ராத்திரி, வெளிச்சம் குறைவு, கண்காணிக்கிற அதிகாரி இல்லை, "சீக்கிரம் முடிங்க"ன்னு மேலே இருந்து சத்தம். இந்தச் சூழ்நிலையிலதான் யாராவது ஒருத்தரை "ஒரு நிமிஷம் இறங்கிப் பாரு"ன்னு சொல்ற ஆபத்து அதிகம். சத்த விதிக்கு அவசரம் விலக்கு தரலாம். மனுஷனை விஷவாயுக்குள்ள இறக்குறதுக்கு எந்த அவசரமும் விலக்கு ஆகாது. உங்க தெருவுல அப்படி நடக்குறதைப் பாத்தா, தூக்கம் கெட்டதை விட முதல்ல புகார் பண்ண வேண்டியது அதைத்தான்.

அந்த ராத்திரி நீங்க என்ன கேக்கலாம்?

சரி, ஒன்றரை மணிக்குச் சத்தம் கேக்குது. எழுந்துட்டீங்க. சண்டை வேண்டாம், அங்கே நிக்கிற சூப்பர்வைசர்கிட்ட நாலு கேள்வி போதும்.

ஒண்ணு: "என்ன ஆபத்து?" நிஜமான அவசரம்னா ஒரே வாக்கியத்துல பதில் வரும். "குழாய் உடைஞ்சிருச்சு, ரோடு இறங்குது." சுத்தி வளைச்சு வந்தா சந்தேகப்படலாம்.

ரெண்டு: "எந்தத் துறை, யார் பொறுப்பு, ஒரு நம்பர் கொடுங்க." பொது வேலைன்னா இதைச் சொல்றதுல தயக்கம் இருக்கக் கூடாது.

மூணு: "பெரிய சத்தம் எத்தனை மணிக்கு முடியும்?" உடைக்கிற வேலையை முதல்ல முடிச்சுட்டு, சத்தம் குறைஞ்ச வேலையைப் பின்னால வச்சுக்கலாம். இது காசு செலவில்லாத ஏற்பாடு. ஜெனரேட்டரை வீட்டு வாசல்ல இருந்து தள்ளி வைக்கிறது, லாரியைச் சும்மா ஓடவிடாம அணைக்கிறது, தகடுகளைத் தூக்கி எறியாம இறக்குறது, எல்லாம் அதே மாதிரிதான்.

நாலு: "இதுல எது காலை வரைக்கும் காத்திருக்கலாம்?" இந்தக் கேள்வியை யாரும் கேக்குறதே இல்லை. கேட்டுப் பாருங்க.

பதில் நேர்மையா இருந்தா, உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல அதைப் போட்டுட்டுப் போய்ப் படுங்க. "கழிவுநீர்க் குழாய் உடைஞ்சிருக்கு, மூணு மணி வரைக்கும் சத்தம் இருக்கும்"னு தெரிஞ்சாலே பாதி எரிச்சல் போயிரும். காரணமும் முடிவும் தெரியாத சத்தம்தான் மனுஷனை ரொம்பப் படுத்துது.

பதில் இல்லைன்னா, அது முதல் தெரு மாதிரி கட்டுமானம்னா, புகார் கொடுங்க. ராத்திரி நேரக் கட்டுப்பாட்டை மீறுனா யார் வேணும்னாலும் புகார் கொடுக்கலாம்னு அதே ஒலி மாசு விதிகள்ல 7ஆவது விதி சொல்லுது. டெசிபல் மீட்டர் வாங்கி அளந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை, கட்டுமான இயந்திரம் ராத்திரி ஓடுறதே மீறல்தான். போலீஸுக்கு 100. சென்னைன்னா மாநகராட்சிக்கு 1913. நேரம், இடம், ஒரு சின்ன வீடியோ, இது மூணும் இருந்தா போதும்.

எழுதாத விலக்கை எழுதிருவோம்

கடைசியா, என் தரப்பு. கட்டுமான இயந்திரத் தடையில ஒரு விலக்கு வேணும்னுதான் நான் சொல்வேன். தூக்கத்தை நேசிக்கிறவங்களுக்கு இது விநோதமாத் தோணலாம். ஆனா விலக்கே இல்லாத தடையை யாரும் முழுசா அமல்படுத்த மாட்டாங்க. போலீஸ்காரருக்கும் தெரியும், குழாய் ரிப்பேரை நிறுத்த முடியாதுன்னு. அப்போ எதை நிறுத்துறது, எதை விடுறதுங்கிறது அன்னைக்கு ட்யூட்டியில இருக்கிறவரோட மனசைப் பொறுத்ததா ஆகிருது. அந்த மங்கலான இடத்துலதான் பில்டரோட லாரியும் உள்ளே வருது.

நாலு வரி போதும். ஆளுக்கோ சொத்துக்கோ இப்பவே இருக்கிற, விடியறதுக்குள்ள வரப்போற ஆபத்தை நிறுத்துற வேலைக்கு மட்டும் விலக்கு. வேலை ஆரம்பிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள எழுத்துல தகவல், அது பொதுமக்கள் பாக்குற மாதிரி ஒரு இடத்துல. அவசரம்னு சொல்றவரே நிரூபிக்கணும். ஆபத்து நின்னதும் விலக்கும் முடிஞ்சுது.

இந்த நாலும் இருந்தா ரெண்டு பக்கமும் லாபம்தான். எல்லாத்துக்கும் "அர்ஜென்ட்"னு சொல்லிப் பழகுன ஊர்ல, நிஜமான எரிவாயுக் கசிவுக்கு வர்ற ஆளையும் தெரு நம்பாது, மாடியில இருந்து கத்தத்தான் செய்யும். புலி வருது கதை நமக்குத் தெரியாததா? அந்த வார்த்தையைச் சிக்கனமா வச்சிருந்தாத்தான், அது நிஜமா தேவைப்படுற ராத்திரியில அதுக்கு மதிப்பு இருக்கும்.

உங்க தெருவுல ராத்திரி வேலை எப்படி நடக்குது, முன்கூட்டிச் சொல்றாங்களா, அந்த நாலாவது கேள்விக்கு என்ன பதில் வந்துச்சு? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், நல்லா தூங்குங்க மக்களே.